உடனேன்னா எத்தனை மணி?

அன்றைக்கு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது மொத்தம் ஐந்து பேர். சிஸ்டர், வண்டி டிரைவரான நான், வாக்கிடாக்கி வைத்திருந்த ஒரு பெண் போலீஸ், கேட் கீப்பர், மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்த ஒரு பெரியவர். கேட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் ஒன்பது பேர். அதிரடிக் குழுவின் ஆபீசர், அவருக்குக் கீழே ஆறு போலீஸ்காரர்கள், பிடிபட வேண்டிய ரெண்டு பேர். விசாரணையில் மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் இதையேதான் சொன்னேன். மூணாவது தடவை, பெரியவர் பின்னாலேயே ஓடிவந்த நாயையும் சேர்க்கணுமான்னு கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அப்படித்தான். ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் எதையாவது விட்டுவிட்டால் அது பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்குமோ என்று பயம். இந்தப் பயத்தை எனக்குள் வளர்த்துவிட்டவங்க சிஸ்டர்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. கேஷுவாலிட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற நர்ஸ். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் ஊர்க்காரங்க. ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான ஆள், நடை மட்டும் ஓட்டம். கொண்டையில் மற்ற பொம்பளைங்க பூ வைக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா சொருகியிருக்கும். கைக்கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும். எதைத் தொட்டாலும் அதன்மேல் நேரம் எழுதுவாங்க. டிபன் டப்பா மூடியில் சாம்பார் வைத்த நேரம். பிளாஸ்க்கில் காபி ஊற்றிய நேரம். ஒருநாள் நான் மூலக்குளம் டிராபிக்கில் மாட்டி லேட்டாக வந்தேன். "கைய நீட்டு டிரைவரே" என்றாங்க. உள்ளங்கையில் 8.17 என்று எழுதிவிட்டாங்க. ராத்திரி சோறு பிசையும்போது என் பொண்டாட்டி பார்த்துவிட்டு, "இன்னாயா இது, எவ நம்பர்?" என்று ஆரம்பித்தவள் முடிக்க அரைமணி நேரம் ஆனது.

அவங்க காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. 'உடனே.' யாராவது சொல்லிவிட்டால் போதும், வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புவாங்க.

"உடனேன்னா எத்தன மணி?"

கேட்டுக்கொண்டே கொண்டையிலிருந்து மார்க்கரை உருவுவாங்க.

அந்த வார்த்தைமேல் அவங்களுக்கு இருந்த கோபம் என் வீட்டு வழியாகத்தான் வந்தது. என் மச்சான், பொண்டாட்டியோட தம்பி, ஊர்க்காவல் படையில் இருந்தான். ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன இடத்தில் அவன் காலுக்குப் பக்கத்தில் நாட்டு வெடிகுண்டு விழுந்தது. அதே ஆபீசர்தான் அன்றைக்கும் குழுவுக்குத் தலைமை. மச்சானை ஜீப்பின் பின்சீட்டில் போட்டார்கள். முன்சீட்டில் பிடிபட்டவன். ஜீப் முதலில் ஸ்டேஷனுக்குப் போனது. பிடிபட்டவனை இறக்கி, நிற்கவைத்து, போட்டோ எடுத்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரி.

கேஷுவாலிட்டியில் டூட்டியில் இருந்தது சிஸ்டர். "அடிபட்டு எவ்ளோ நேரம் சார்?" என்று கேட்டிருக்காங்க. ஆபீசர், "உடனே கொண்ணாந்துட்டோம் சிஸ்டர்" என்றாராம். பேண்ட்டில் ரத்தம் காய்ந்து தகடு மாதிரி நின்றதாம். மச்சான் பிழைக்கவில்லை. விசாரணை அறிக்கையிலும் அந்த வார்த்தையே வந்தது. உடனே. மணி போடவில்லை. மணி போடாததால் குற்றமும் இல்லை.

அந்த ஆளை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். மரியாதை இல்லை, பயம்.

அதற்கப்புறம் மேலே இருந்த ஒரு பெரிய அதிகாரி, இனிமேல் அதிரடி வேலைக்குப் போகும்போது ஒரு மருத்துவ வண்டியும் நர்ஸும் கூடப் போகணும் என்று உத்தரவு போட்டார். காகிதத்தில் வண்டி இருந்தது. ஏற ஆள் இல்லை. யார் குண்டு வீசுகிற இடத்துக்குப் போவார்கள்? சிஸ்டர்தான் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாங்க. டிரைவர் வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டது என் பொண்டாட்டி. "என் தம்பி போன ஜீப்பு பின்னாடி ஒரு வண்டி வந்திருந்தா அவன் இருந்திருப்பான். நீ போய் அந்த வண்டிய ஓட்டு." நான் பட்டாசு சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் ஓடிவிடுகிற ஆள். போனேன்.

போலீஸ்காரங்களுக்கு சிஸ்டர் ஒரு பழைய நெல் குடோனில் பயிற்சி கொடுத்தாங்க. கறிக்கடையில் ஆட்டுத்தொடை வாங்கி, நடுவில் குளுக்கோஸ் டியூபை விட்டு, பீட்ரூட் தண்ணியை அழுத்தி அனுப்புவாங்க. குபுகுபுவென்று வரும். அதைத் துணி திணித்து நிறுத்தணும். பிறகு பட்டை. கையிலோ காலிலோ காயத்துக்கு மேலே சுற்றி, அதிலிருக்கிற குச்சியைத் திருகினால் ரத்தம் நின்றுவிடும். பிரெஞ்சு படித்த பழைய பாண்டிச்சேரி டாக்டர்களிடம் வேலை பார்த்தவங்க என்பதால் சிஸ்டர் அதை 'டூர்னிக்கே' என்று சொல்வாங்க. போலீஸ்காரங்களுக்கு அது பெல்ட்.

"சிஸ்டர், இந்தத் தொடைய அப்பறம் பிரியாணி போடலாமா?" என்றான் ஒருத்தன்.

"இது உன் தொடன்னு நெனச்சிக்கினு கட்டு. அப்பறம் பசிச்சா சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷத்தில் கட்டணும். தாண்டினால், எத்தனை செகண்டு ஆனதோ அதை அவன் நெற்றியில் எழுதிவிடுவாங்க. லேசில் போகாத மை. யூனிபாரத்தோடு, நெற்றியில் 41, 46 என்று நம்பரோடு போலீஸ்காரங்க பஸ் ஏறிப் போவார்கள். அபிஷேகப்பாக்கத்துப் பையன் ஒருத்தன் எப்போதுமே கடைசி. தடித்த விரல். எத்தனை தடவை செய்தாலும் ஐம்பத்தெட்டு. அவன் பெயரே ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

"யோவ் அம்பத்தெட்டு, உனக்குப் பட்ட வேணாம்" என்று ஒருநாள் அவனைத் தனியே உட்காரவைத்தாங்க. "பட்ட வர்ற வரைக்கும் முட்டி போட்டு அமுக்கு. இடுப்புக்குக் கீழ, தொட ஆரம்பிக்கிற எடத்துல, உன் வெயிட்டு முழுசும். அவன் கத்துவான். திட்டுவான். உங்கம்மாவ இழுப்பான். எடுக்காத. திட்றான்னா உயிரோட கீறான்னு அர்த்தம்."

பட்டை வாங்கத்தான் இடைஞ்சல். ஆளுக்கு ரெண்டாக ஆறு பேருக்குப் பன்னிரண்டு வேண்டும் என்று சிஸ்டர் எழுதிக் கேட்டாங்க. காகிதம் ஆபீசர் மேசைக்குப் போய் ஒரே வார்த்தையோடு திரும்பியது. 'தேவையில்லை.' கையெழுத்து, தேதி.

"நாங்க ரவுடி புடிக்கப் போறோம் சிஸ்டர், பிரசவம் பாக்க இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அன்றைக்கே சொந்தக் காசில் பன்னிரண்டு பட்டையும் நாலு மார்க்கரும் வாங்கினாங்க. பில்லில் கடைக்காரரை மணியும் எழுதச் சொன்னாங்க. 'தேவையில்லை' காகிதத்தோடு அந்த பில்லைப் பின் செய்து பையில் வைத்தாங்க. மறுநாள் போலீஸ்காரங்க பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது ஆபீசர் கழற்றச் சொன்னார். டிபார்ட்மென்ட் கொடுக்காத சாமான் யூனிபாரத்தில் தொங்கக்கூடாதாம். பன்னிரண்டும் திரும்ப சிஸ்டர் பைக்குள் வந்தது.

"மனசுல வெச்சிக்காதீங்க சிஸ்டர்" என்றேன் வண்டியில்.

"வெச்சிப்பேன்" என்றாங்க. "மன்னிக்கறதுக்கு ஃபாதர் கீறாரு. அது அவரு வேல. நேரம் எழுதறது என் வேல."

அது சும்மா சொன்ன பேச்சில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்களைக் கூட்டிவரக் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். சிஸ்டரும் சத்தமாகச் சொன்னாங்க. தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்கிற வரி வந்தது. வாயை மூடிக்கொண்டாங்க. அந்த வரி முடிந்ததும் திறந்தாங்க. கடவுளிடமே பொய் சொல்ல மாட்டேன் என்கிற ஆள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தோப்பில் ரெண்டு பேர் பதுங்கியிருப்பதாகத் தகவல். தோப்புக்குப் போகிற வழியில் ரயில்வே கேட். "வண்டிய கேட்டுக்கு அந்தாண்ட நிறுத்தறோம் சார்" என்று சிஸ்டர் கேட்டாங்க. "ரயில் வந்தா மாட்டிக்குவோம்."

ஆபீசர் மறுத்துவிட்டார். "செவப்புக் கூட்டல் போட்ட வண்டிய பாத்தா பசங்க உஷாராயிடுவானுங்க. இந்தாண்டயே நில்லுங்க. கூப்ட்டா உடனே வந்துடுங்க."

உடனே. சிஸ்டர் மார்க்கரை எடுத்துத் தன் முன்னங்கையில் நேரத்தை எழுதிக்கொண்டாங்க.

அவர்கள் போனார்கள். கேட் மூடியது. கொஞ்ச நேரத்தில் தோப்புப் பக்கம் குண்டு வெடிக்கிற சத்தம். சவுக்கு மரத்தில் இருந்த காக்கா எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெண் போலீஸ் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "சாருக்கு... சாருக்குத் தொடையில... ரத்தம் நிக்கல, சிஸ்டர வரச் சொல்லுங்க."

மணி 10.41.

வண்டிதான் போக முடியாது. ஆள் குனிந்து போகலாம். ரயில் இன்னும் கண்ணில் படவில்லை. சிஸ்டர் பையோடு இறங்கி கேட் கம்பி வரைக்கும் ஓடினாங்க. நானும் இறங்கி ஓடினேன். அப்போது என் வாயில் அது வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை. மச்சானின் முகம், ஜீப்பின் பின்சீட்டு, என் பொண்டாட்டி மண்ணில் விழுந்து புரண்டது எல்லாம் சேர்ந்து சொன்னது.

"இன்னா அவசரம் சிஸ்டர்? உடனே போவலாம்."

சிஸ்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றாங்க. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாங்க. அப்படியே நின்றாங்க. கேட் கீப்பர், "அம்மா, வண்டி வருது, தாண்டாதீங்க" என்று கத்தினார். புல்லுக்கட்டுப் பெரியவர், "இன்னாத்துக்கு நிக்குது அந்தப் பொம்பள?" என்று பெண் போலீஸைக் கேட்டார். போங்க என்று சொல்லவும் பயம், போகாதீங்க என்று சொல்லவும் பயம். எனக்கு வேண்டியது நடந்துகொண்டிருந்தது. நடக்கிறதே என்று உடம்பு வேர்த்தது.

பிறகு குனிந்தாங்க. கம்பிக்குக் கீழே நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாங்க. தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் எங்களுக்கு நடுவில் வந்து நீளமாகப் போனது.

மீதி அங்கே இருந்தவங்க சொன்னது. ஆபீசர் மல்லாந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு அவர் தொடை ஆரம்பிக்கிற இடத்தில் முட்டியை ஊன்றி மொத்த உடம்பையும் போட்டு உட்கார்ந்திருந்தான். "கால எடுடா நாயே! உன்ன வேலய வுட்டே தூக்கிடுவேன்டா!" என்று ஆபீசர் கத்தினாராம். பையன் அழுதுகொண்டே, "திட்டுங்க சார், திட்டுங்க, நல்லது சார்" என்றானாம். அவன் எடுக்கவில்லை. சிஸ்டர் போய்ப் பட்டையைச் சுற்றித் திருகினாங்க. ரத்தம் நின்றது. 'தேவையில்லை' என்று அவரே எழுதித் திருப்பிய அதே பட்டை.

கேட் திறந்ததும் நான் வண்டியைக் கொண்டுபோனேன். ஏற்றும்போதுதான் பார்த்தேன். ஆபீசர் காலில், முட்டிக்குக் கீழே சுத்தமான தோலில், கறுப்பு மையில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது.

செய்தி 10.41
நின்றது 10.42
கிளம்பியது 10.43
கட்டியது 10.46

ஆபீசர் முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தார். "இன்னா எழுதற?" என்றார்.

"நேரம் சார். 'உடனே'ன்னு எழுதலாம்னு பாத்தேன். அது நேரம் இல்லயே."

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கேஸ் ஷீட்டோடு வைத்துவிட்டார்கள். கால் தப்பியது. ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். மை போக ரொம்ப நாள் ஆனதாம்.

விசாரணையில் சிஸ்டரைக் கேட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்தேதான் கிடந்தது.

"நின்றதுன்னு போட்டிருக்கீங்களே, யாரு நின்னது?"

"நான்தான்."

"கேட் மூடியிருந்ததாலயா?"

"இல்ல. ஆளு தாண்டலாம். சும்மா நின்னேன்."

"எதுக்கு?"

"போலாமா வேணாமான்னு யோசிச்சேன். ஒரு நிமிஷம். எழுதியிருக்கேன் பாருங்க." சிஸ்டரே தொடர்ந்தாங்க. "ஏன் யோசிச்சன்னு கேளுங்க. கேட்டீங்கன்னா ஊர்க்காவல் பையன் ஃபைல எடுக்கணும். அவன ஜீப்புல எத்தன நிமிஷம் வெச்சிருந்தாங்கன்னும் கேக்கணும். நான் ஒரு நிமிஷத்துக்குப் பதில் சொல்றேன். அந்த நிமிஷத்துக்கெல்லாம் யாரு சொல்றாங்களோ சொல்லட்டும்."

அவர்கள் கேட்கவில்லை. அன்றோடு விசாரணை முடிந்தது. சிஸ்டருக்கு ஒரு மெமோ வந்தது, குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் டிபார்ட்மென்டே பட்டை வாங்கியது. இப்போது குழுவில் ஒவ்வொருத்தர் இடுப்பிலும் ரெண்டு தொங்குகிறது. வண்டி கேட்டைத் தாண்டித்தான் நிற்கிறது.

நான் ரொம்ப நாள் தூங்கவில்லை. ஒருநாள் அவங்க வீட்டுக்கே போய்க் கேட்டேன். "சிஸ்டர், அந்த ஒரு நிமிஷம் நான் சொன்னதாலயா நின்னீங்க?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க. "போயா. உனக்கு அவ்ளோ சக்தி இல்ல. நிக்கணும்னு எனக்கே இருந்துச்சி. நீ சொன்னது வசதியா போச்சி."

"அப்பறம் ஏன் போனீங்க?"

"செத்தா தப்பிச்சிடுவான்யா" என்றாங்க. "செத்தவங்கிட்ட போய் யாரு பில்லு கேக்கறது?"

விளையாட்டாகச் சொன்னாங்களோ என்று முகத்தைப் பார்த்தேன். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாங்க.

மறு மாசத்திலிருந்து ஆரம்பித்தாங்க. ஒவ்வொரு மாசமும் முதல் திங்கட்கிழமை, ஆபீசர் அறைக்கு வெளியே பெஞ்சில், மடியில் பில். அவர் சாய்ந்து சாய்ந்து வருவார். எழுந்து நின்று நீட்டுவாங்க. முதல் தடவை ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுத்தார். "உங்க காசு வேணாம் சார். இந்தக் காகிதத்துல 'தேவையில்லை'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அத உங்க கையாலயே அடிச்சிட்டு, 'தேவை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பில்லு தானா பாஸாவும்." அவருக்குத் தெரியும், அடித்தால் ஏன் முதலில் எழுதினாய் என்று கேள்வி வரும். அது வந்தால் பழைய ஃபைலும் பின்னாலேயே வரும். இன்னொரு தடவை அவர் வீட்டம்மா பட்டுப்புடவையோடு வந்து, என் தாலியைக் காப்பாத்தினீங்க என்று கையைப் பிடித்து அழுதாங்க. சிஸ்டர் அவங்களுக்குக் காபி கொடுத்து, புடவையைத் திருப்பி அனுப்பினாங்க. பிளாஸ்க் மூடியில் காபி போட்ட நேரம் இருந்தது.

போன மழைக்காலத்தில் சிஸ்டர் போய்விட்டாங்க. சர்க்கரை, அதோடு கிட்னி. கல்லறையில் ஆபீசர் கைத்தடியோடு பெரிய மாலை எடுத்து வந்தார். எல்லாரும் வழி விட்டார்கள். ஐம்பத்தெட்டுகூட சல்யூட் அடித்தான். நான் எதிரில் போய் நின்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. "மாலை வேணாம் சார். பில்லு."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை. "வேலைக்கு உல வெச்சிட்டியே" என்றேன் எனக்கு நானே. என் பொண்டாட்டி தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டு, "தின்னுட்டுப் போயா. அடுத்த திங்கக்கிழம சீக்கிரம் எழுந்திருக்கணும்" என்றாள்.

பில் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பில்லை மட்டும் லேமினேட் பண்ணியிருக்கிறேன், 'தேவையில்லை' காகிதம் அப்படியே இருக்கிறது, அதில் அவர் எழுதணுமே. போன திங்கட்கிழமையும் போனேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருக்கு ரிடையர்மென்ட் நெருங்குகிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது.

"இன்னும் எத்தன நாளைக்குயா வருவ?"

"அந்த ஒரு வார்த்தைய அடிச்சிட்டீங்கன்னா உடனே நிறுத்திடறேன் சார்."

அவர் கை தானாகத் தொடையைத் தடவியது. கையெழுத்துப் போடவில்லை. பில்லைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். மடிக்க முடியவில்லை, லேமினேட் பண்ணியது அல்லவா, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருக்கட்டும், அவருக்குத் தெரியட்டும் என்று அப்படியே நடந்து வந்தேன்.

பட்டை பன்னிரண்டு, மார்க்கர் நாலு. பாக்கி ஏழாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.